உலாவியில் முடிவு யார் கையில்? பயனருக்கு அதிகாரம் தரும் வடிவமைப்பு பற்றி ஒரு கேள்வி

எழுத்தாணி (கேள்வி)

வணக்கம். மேசைக்கணினிக்கான உலாவி ஒன்றை வடிவமைக்கப் பார்க்கிறோம். ஆட்கள் இருவர், அதுவும் பகுதிநேரம். மூன்று விஷயங்களில் பக்கத்தை எழுதியவர் சொல்வதைவிடப் படிப்பவர் சொல்வதுதான் எடுபட வேண்டும் என்பது எங்கள் நோக்கம்.

ஒன்று, பக்கத்தின் தோற்றம்: எழுத்துரு, அளவு, வரி இடைவெளி. இரண்டு, அந்தப் பக்கம் எந்தெந்த சர்வர்களோடு பேசலாம் என்பது. மூன்று, விசைப்பலகை, வலது சொடுக்கு, காப்பி-பேஸ்ட். இவை படிப்பவருக்குச் சொந்தம், பக்கம் பறித்துக்கொள்ளக் கூடாது.

இன்றைய உலாவிகளில் செட்டிங்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை வண்ணம், முகப்புப் பக்கம் போன்றவை. இந்த மூன்றையும் தொடுபவை குறைவு. இவற்றை நீட்சியாகவே (உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்) எழுதிவிட முடியுமா, அல்லது உலாவியின் உள்ளேயே கை வைக்க வேண்டுமா? ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் (குரோமின் திறந்த மூல அடித்தளம்), க்யூடி வெப்எஞ்சின் (குரோமியத்தைச் சொந்த நிரலுக்குள் பதிக்க உதவும் நூலகம்) ஆகியவற்றில் எதன்மேல் கட்டலாம்? எங்கெங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உதவியாக இருக்கும்.

---

வரிவடிவம்

தோற்றத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதற்கான விதி ஏற்கெனவே தரநிலையில் இருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ், 1996 டிசம்பரில் வந்த அதன் முதல் பதிப்பிலேயே உலாவி, பக்கத்தை எழுதியவர், படிப்பவர் என்று மூன்று தரப்பும் தோற்றத்தில் பங்கு கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஆனால் அதில் எழுதியவர், படிப்பவர் இருவரும் 'இம்பார்ட்டன்ட்' (இந்த விதிக்கே முன்னுரிமை என்ற குறி) போட்டால் எழுதியவரே ஜெயித்தார். 1998இல் சிஎஸ்எஸ் 2 அதைத் தலைகீழாக மாற்றியது. படிப்பவரின் 'இம்பார்ட்டன்ட்' இப்போது எழுதியவரின் 'இம்பார்ட்டன்ட்'டுக்கு மேலே. உரிமை இன்றும் ஏட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வாசலைத்தான் உலாவிகள் குறுக்கிவிட்டன. குரோம் 2014இல் பயனர் பாணித்தாளையே (படிப்பவர் தன் தோற்ற விதிகளை எழுதும் கோப்பு) எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் வாசல் உண்டு, ஆனால் 2019இல் வந்த 69ஆம் பதிப்பிலிருந்து பூட்டியே வருகிறது.

திறக்கும் முறை: முகவரிப் பட்டையில் தட்டித் திறக்கும் அபவுட்:கான்ஃபிக் என்ற உள் அமைப்புப் பக்கத்தில் 'லெகசியூசர்ப்ரொஃபைல்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 'ஸ்டைல்ஷீட்ஸ்' என்று முடியும் வரி வரும், அதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் ப்ரொஃபைல் (பயனரின் சொந்த அமைப்புகள் இருக்கும்) கோப்புறையைத் திறந்து, உள்ளே 'குரோம்' என்ற துணைக் கோப்புறையை முழுக்கச் சிறிய எழுத்தில் உருவாக்குங்கள். அதற்குள் யூசர்கன்டென்ட்.சிஎஸ்எஸ் என்ற கோப்பு, இது பக்கங்களுக்கானது. யூசர்குரோம்.சிஎஸ்எஸ் என்றால் உலாவியின் சொந்தப் பட்டைகளுக்கு. இரண்டு பெயர்களிலும் நடுவில் வரும் 'சி' மட்டும் பெரிய எழுத்து. லினக்ஸில் இது தப்பினால் கோப்பு படிக்கப்படாது. விண்டோஸில் வேறொரு சிக்கல்: நோட்பேட் பின்னால் .டிஎக்ஸ்டி சேர்த்துவிடும், கோப்பு வகை மறைந்திருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. 'வேலை செய்யவில்லை' என்று யாராவது கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். கோப்பு தொடங்கும்போது மட்டுமே படிக்கப்படுகிறது, ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலாவியை மூடித் திறக்க வேண்டும். உங்கள் வடிவமைப்பில் இதையாவது மாற்றுங்கள். சேமித்த உடனே பக்கத்தில் தெரிய வேண்டும்.

நீட்சியாக எழுதினால் ஒரு நுட்பம் கவனிக்கணும். தளங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலஸ் மாதிரியான நீட்சிகள் வழக்கமாகப் பக்கத்துக்குள்ளேயே ஸ்டைல் உறுப்பைச் செருகுகின்றன. அது எழுதியவரின் தரப்பாகவே எண்ணப்படும். பக்கம் ஓர் உறுப்பின்மேல் நேரடியாக 'இம்பார்ட்டன்ட்' போட்டிருந்தால் நீங்கள் என்ன போட்டாலும் தோற்பீர்கள். உலாவி நீட்சிகளுக்குத் தரும் ஸ்கிரிப்டிங் ஏபிஐயின் (நிரல் அழைக்கும் வசதி) இன்சர்ட்சிஎஸ்எஸ் அழைப்பில் 'ஆரிஜின்' என்ற இடத்தில் 'யூசர்' என்று கொடுங்கள்; அப்போதுதான் விதி பயனர் தரப்பில் சேரும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இது உண்டு.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொன்று. ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் எழுத்துரு, அட்வான்ஸ்டு என்று போனால் மேலே மொழி வாரியாகத் தேர்வு வரும், அதில் தமிழ் தனியாக இருக்கிறது. தமிழுக்கு மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ், குறைந்தபட்ச அளவு 17 என்று வைக்கலாம். ஆங்கிலம் அப்படியே இருக்கும். சிக்கல் என்னவென்றால், பக்கம் தன் மொழியைத் 'டிஏ' என்று அறிவித்திருந்தால்தான் தமிழ் அமைப்பு முழுமையாகப் பொருந்தும். அறிவிக்காத பக்கத்தைத் தமிழாகவே எண்ணாது. அப்படிப்பட்ட தமிழ்த் தளங்கள் ஏராளம். உங்கள் உலாவி அறிவிப்பை நம்பாமல் உரையின் எழுத்துகளைப் பார்த்து முடிவெடுத்தால் அதுவே பெரிய உதவி. வரி இடைவெளியும் அப்படித்தான். 'கீ', 'மூ', 'ஞூ' போன்றவற்றில் மேலும் கீழும் நீளும் பகுதிகள் உண்டு, ஆங்கிலத்துக்காக 1.2 என்று வைத்த தளத்தில் அவை அடுத்த வரியில் இடிக்கும். 1.6இலிருந்து 1.7 வரை வைத்தால் கண்ணுக்கு இதம்.

'பக்கங்கள் தங்கள் எழுத்துருவைப் பயன்படுத்தலாம்' என்ற குறியை எடுத்துவிட்டால் எல்லாப் பக்கமும் உங்கள் எழுத்துருவில் வரும். ஆனால் எழுத்துருவையே ஐகானாகப் பயன்படுத்தும் தளங்களில் பொத்தான்கள் வெறும் கட்டங்களாகிவிடும். பெயர் தெரிந்த சில ஐகான் எழுத்துருக்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாதவை உடையும்.

பழைய ஓப்பராவில், 12ஆம் பதிப்பு வரை, 'எழுதியவர் முறை', 'பயனர் முறை' என்று ஒரே சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம். உடைந்தால் ஒரு நொடியில் திரும்பலாம் என்ற துணிவு இருந்தால்தான் மக்கள் மாற்றிப் பார்ப்பார்கள். அந்தப் பொத்தானைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

---

வாயிற்படி

இரண்டாவது விஷயத்தில் நீட்சியா உள்ளேயா என்பதற்கு விடை நீங்கள் எந்த உலாவியைத் தேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீட்சிகளுக்கான பழைய விதித்தொகுப்பான மேனிஃபெஸ்ட் 2 காலத்தில், பக்கம் சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் வெளியே போகும் முன் நீட்சியின் நிரலைக் கேட்டுவிட்டுத்தான் போனது. குரோமின் புதிய தொகுப்பான மேனிஃபெஸ்ட் 3இல் அந்தக் கேள்வி இல்லை. நீட்சி முன்கூட்டியே விதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும், உலாவி தானே பொருத்திப் பார்க்கும். ஒரு நீட்சிக்கு உறுதியாகக் கிடைக்கும் நிலையான விதிகள் 30,000. அதற்குமேல் எல்லா நீட்சிகளுக்கும் பொதுவான ஒதுக்கீட்டிலிருந்து கிடைத்தால் உண்டு. பயனர் ஓடும்போதே சேர்க்கும் விதிகளில் தடு, அனுமதி போன்ற எளியவை 30,000 வரை. வேறிடம் திருப்புதல், கோரிக்கையின் தலைப்பை (ஹெடர்) மாற்றுதல் போன்றவை 5,000 வரை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைப் பொருத்தும்) விதிகள் 1,000. பழைய முறை 2025இல் வந்த 139ஆம் பதிப்போடு குரோமில் முழுவதும் போய்விட்டது.

எண்ணிக்கையை வைத்தே எல்லோரும் வாதிடுகிறார்கள், என் பார்வையில் அது இரண்டாம் பட்சம். முடிவெடுக்கும் நிரல் பயனர் தேர்ந்த நீட்சியிடமிருந்து உலாவி நிறுவனத்திடம் போய்விட்டது என்பதுதான் உண்மையான இழப்பு. உலாவி நிறுவனம் எண்ணிப் பார்க்காத நிபந்தனையை யாராலும் எழுத முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: தளத்தின் சொந்தத் துணைப்பெயர் போலத் தெரியும் முகவரி, டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களைச் சர்வர் முகவரியாக்கும் அமைப்பு) சிநேம் என்ற மாற்றுப்பெயர் வழியாக உளவு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். ஃபயர்ஃபாக்ஸில் நீட்சிக்கு டிஎன்எஸ் கேட்கும் ஏபிஐ இருப்பதால் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சி அந்த முகமூடியைக் கழற்றிவிடுகிறது. குரோமில் அந்த ஏபிஐயே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் மேனிஃபெஸ்ட் 3ஐ ஏற்ற பிறகும் கோரிக்கையை நிறுத்திக் கேட்கும் முறையை வைத்திருக்கிறது. ஆகவே நீட்சியாகச் செய்வதென்றால் ஃபயர்ஃபாக்ஸ். குரோமியத்தின்மேல் என்றால் உள்ளேயே எழுத வேண்டும்.

வடிவமைப்புக்கு யூபிளாக்கின் 'மீடியம் மோட்' நல்ல பாடம். முயன்று பார்க்க: செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு யூசர்' குறியைப் போடுங்கள். மேலே உள்ள ஐகானை அழுத்தினால் இப்போது ஓர் அட்டவணையும் வரும். அதில் இரண்டு நெடுவரிசைகள்: இடப்பக்கம் எல்லாத் தளங்களுக்கும், வலப்பக்கம் இந்தத் தளத்துக்கு மட்டும். இடப்பக்கத்தில் 'மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்ட்', 'மூன்றாம் தரப்பு ஃபிரேம்' (பக்கத்துக்குள் பதிக்கும் வேறு பக்கம்) இரண்டையும் சிவப்பாக்கிப் பூட்டுக் குறியை அழுத்திச் சேமியுங்கள். இனி எந்தத் தளமும் வெளியார் நிரலை ஓட்ட முடியாது. ஒரு தளம் உடைந்தால், அந்தத் தளத்தின் வலப்பக்கத்தில் தேவையான டொமைனை மட்டும் சாம்பல் நிறமாக்குங்கள்.

இங்கே பலர் பச்சையை அழுத்திவிடுகிறார்கள். சாம்பல் என்றால் 'என் பொதுத்தடை இங்கே வேண்டாம்' என்று மட்டும் பொருள். விளம்பரப் பட்டியல்கள் தொடர்ந்து வேலை செய்யும். பச்சை எல்லாத் தடையையும் நீக்கிவிடும், பட்டியல்கள் உட்பட. உங்கள் இடைமுகத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியவே கூடாது.

அதிகம் உடையும் இடம் பணம் செலுத்தும் பக்கம். கடையின் தளம், பேமென்ட் கேட்வே, அட்டை கொடுத்த வங்கியின் ஓடிபி பக்கம் என்று மூன்று டொமைன்கள் ஒன்றுக்குள் ஒன்று ஃபிரேமாக வரும். முதலாவதைத் திறந்துவிட்டாலும் அடுத்தது தடுக்கப்படும். நடுவில் பக்கத்தை மறுபடி ஏற்றினால் பரிவர்த்தனை பாதியில் நிற்கலாம். ஆகவே 'இந்த டேபுக்கு மட்டும், மூடும் வரை மட்டும் தடையை நிறுத்து' என்ற தேர்வு அவசியம். நிரந்தரமாகத் திறந்துவிடச் செய்யாதீர்கள், யாரும் திரும்பப் போய் மூடுவதில்லை.

இன்னொன்று: உலாவி தொடங்கும்போது முந்தைய டேப்கள் நீட்சிக்கு முன்னால் ஓடத் தொடங்கினால் முதல் சில கோரிக்கைகள் தப்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி தயாராகும் வரை காத்திருக்கும். குரோமியம் வகைகளில் அந்த உறுதி கிடையாது. சொந்தமாக எழுதினால் விதிகள் நினைவில் ஏறும் வரை எந்த டேபும் வெளியே போகக் கூடாது.

ஏன் தடுக்கப்பட்டது, எந்தப் பட்டியலின் எந்த வரியால் என்று காட்டும் பதிவேடும் முதல் பதிப்பிலேயே வேண்டும். அது இல்லாத தடுப்பானைப் பயனரால் திருத்த முடியாது, அணைத்துப் போட மட்டுமே முடியும்.

---

சுருக்குவிசை

மூணாவது விஷயம் சுருக்கமாச் சொல்லிடுறேன். இதை நீட்சியா எழுதாதீங்க. பக்கத்துல ஓடுற நீட்சி நிரலுக்கு, முகவரிப் பட்டையில கர்சர் இருக்கும்போது விசை வரவே வராது. அபவுட் பக்கங்கள்ல ஓடாது, நீட்சிக் கடைத் தளத்துலயும் ஓடாது. பத்து டேப் தாண்டிப் போகும்போது நடுவுல ஒரு அபவுட் பக்கம் வந்தா அங்கேயே நின்னுடும்.

ஃபயர்ஃபாக்ஸ்ல இப்பவே என்ன செய்யலாம்னா: கன்ட்ரோல்+டி, என், டபிள்யூ மூணையும் எந்தப் பக்கமும் பறிக்க முடியாது. மத்ததுல பெரும்பாலானதைப் பறிக்கலாம், கன்ட்ரோல்+எஃப் உட்பட. ஒரு தளம் தொல்லை பண்ணினா கன்ட்ரோல்+ஐ அழுத்தி, பெர்மிஷன்ஸ் பகுதியில 'ஓவர்ரைடு கீபோர்டு ஷார்ட்கட்ஸ்'னு இருக்கிறதை பிளாக் பண்ணுங்க. எல்லாத் தளத்துக்கும்னா அபவுட்:கான்ஃபிக்ல பெர்மிஷன்ஸ்.டிஃபால்ட்.ஷார்ட்கட்ஸ் மதிப்பை 2 ஆக்கணும். பக்கவிளைவு: ஆன்லைன் எடிட்டர்கள்ல கன்ட்ரோல்+பி அழுத்தினா எழுத்து தடிமனாகாது, புக்மார்க் பக்கப்பட்டை திறக்கும். அந்தத் தளங்களுக்கு மட்டும் அதே இடத்துல அனுமதி கொடுத்துடுங்க.

வலது சொடுக்கைத் தடுத்தா ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு சொடுக்குங்க, மெனு வந்துடும். கணக்கு எண் பெட்டியில பேஸ்ட் பண்ண விடாத தளங்களுக்கு டாம்.ஈவென்ட்.கிளிப்போர்டுஈவென்ட்ஸ்.எனேபிள்டுங்கிறதை ஃபால்ஸ் ஆக்கலாம். ஆனா ஆன்லைன் ஆவணங்கள்ல காப்பி-பேஸ்டே கெட்டுப்போகும், இதுக்குத் தளவாரியா மாத்த வழியும் கிடையாது. உங்க உலாவியில இதைத் தளவாரியா வெச்சாலே பாதிப் பேர் கும்பிடுவாங்க.

வடிவமைப்புக்கு, விசைப்பலகையாலயே ஓட்டுற க்யூட்பிரௌசர்ங்கிற உலாவியைப் பாருங்க. அதுல நார்மல் மோட்ல எழுத்து விசைகள் பக்கத்துக்கே போகாது, உலாவிதான் முதல்ல வாங்கும். தட்டச்சு செய்ய இன்சர்ட் மோட். எல்லா விசையும் பக்கத்துக்கே போகணும்னா கன்ட்ரோல்+வி, திரும்ப ஷிஃப்ட்+எஸ்கேப். விசையை முதல்ல யார் வாங்குறாங்கன்னு பயனர் முடிவு பண்றார். அதுதான் நீங்க கேக்குறது.

---

பட்டறை

மேலே மூவரும் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. 'உள்ளேயே எழுதுங்கள்' என்பதில் மட்டும் எச்சரிக்கிறேன். இருவர் பகுதிநேரமாகக் குரோமியத்தைப் பிரித்தெடுத்து நடத்த முடியாது. குரோம் சில வாரங்களுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து இடையில் வாரா வாரம் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. திருத்தம் வெளியான நாளே ஓட்டை எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் மூன்று வாரம் பிந்தினால் உங்கள் பயனர்கள் மூன்று வாரம் திறந்த வீட்டில் இருக்கிறார்கள். அதிகாரம் தருகிறோம் என்று சொல்லி ஆபத்தைத் தரக் கூடாது.

க்யூடி வெப்எஞ்சின் எளிது. கோரிக்கையை இடைமறிக்கும் வகுப்பு ஒன்று தயாராக இருக்கிறது, விசைகளும் உங்கள் கைக்கு முதலில் வரும். குறைகள் இரண்டு. அதிலுள்ள குரோமியம் பழைய பதிப்பு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கிச் சேர்ப்பார்கள். இன்னொன்று, நீட்சிகளின் பெரும் உலகம் கிடைக்காது. தடுப்பை நீங்களே கட்ட வேண்டும். க்யூட்பிரௌசர் பிரேவ் உலாவியின் தடுப்பு நூலகத்தைப் பயன்படுத்துகிறது, ஆனால் பக்கத்தில் வெற்றுப் பெட்டிகளை மறைக்கும் தோற்ற விதிகள் அதில் வேலை செய்வதில்லை.

என் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), நிரலைத் தொடாமல். அடையாளத்தை மறைக்கும் டோர் உலாவியும் இஎஸ்ஆரின் மேல்தான் நிற்கிறது. பெரிய மாற்றங்கள் சுமார் ஆண்டுக்கு ஒருமுறைதான், திருத்தங்கள் தவறாமல் வரும். சாதாரண ஃபயர்ஃபாக்ஸில் 2016இன் 48ஆம் பதிப்பிலிருந்து கையொப்பமில்லாத நீட்சியை நிறுவ முடியாது. இஎஸ்ஆரில் அந்தக் கட்டாயத்தை அணைக்கலாம். சோதனைக் காலத்தில் அது மிச்சப்படுத்தும் நேரம் அதிகம்.

அமைப்புகளை முன்கூட்டியே வைக்க ஃபயர்ஃபாக்ஸின் ஆட்டோகான்ஃபிக் வசதி. நிறுவிய கோப்புறைக்குள் டிஃபால்ட்ஸ், பிரெஃப் என்ற இடத்தில் ஒரு சிறு ஜேஎஸ் கோப்பு. அது மேல் கோப்புறையில் உள்ள சிஎஃப்ஜி கோப்பைச் சுட்டும். சிஎஃப்ஜி கோப்பின் முதல் வரியை உலாவி படிக்காமல் விட்டுவிடும். அங்கே குறிப்புரைதான் இருக்க வேண்டும். அமைப்பை எழுதினால் அது மட்டும் சத்தமில்லாமல் வேலை செய்யாது. உள்ளே 'லாக்பிரெஃப்' எழுதாதீர்கள், 'டிஃபால்ட்பிரெஃப்' எழுதுங்கள். முதலாவது பயனர் மாற்ற முடியாதபடி பூட்டிவிடும். நல்ல நோக்கத்தோடு பூட்டினாலும் பூட்டுதான். நீட்சிகளை முன்நிறுவ டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையில் பாலிசிஸ்.ஜேசன் என்ற கோப்பு. ஒரு காற்புள்ளி கூடினாலும் முழுக் கோப்பும் செல்லாது. அபவுட்:பாலிசிஸ் பக்கத்தில் பிழை தெரியும்.

ஐபோனில் இதில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இன் ஐஓஎஸ் 17.4 முதல் வேறு எஞ்சினுக்கு (பக்கத்தை வரையும் உள்நிரல்) அனுமதி உண்டு. இந்தியா, இலங்கைப் பயனர்களுக்கு ஆப்பிளின் வெப்கிட்தான்.

---

எழுத்தாணி

எல்லோருக்கும் நன்றி. இஎஸ்ஆர், ஆட்டோகான்ஃபிக், ஒரு நீட்சி என்ற பாதையில் போகிறோம். விசைகளுக்குப் பெர்மிஷன் அமைப்பையே தளவாரியாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சந்தேகம். இவ்வளவு மாற்றினால் அந்தப் பயனரைக் கூட்டத்தில் தனியாக அடையாளம் காண்பது தளங்களுக்கு எளிதாகிவிடாதா? ஒரு பக்கம் உளவைத் தடுத்து, மறுபக்கம் நாமே அடையாளம் காட்டிக் கொடுப்பதாகாதா?

---

வாயிற்படி

ஆகும். மறைக்க முடியாத முரண் இது. பக்கத்தின் நிரல் ஒரு சொல்லை வரைந்து அதன் அகலத்தை அளந்தாலே நீங்கள் எழுத்துருவை மாற்றியது தெரிந்துவிடும். ஒரு பெட்டி மறைந்திருக்கிறதா என்று பார்த்தால் எந்தத் தடுப்புப் பட்டியல் என்றுகூட ஊகிக்கலாம். டோர் உலாவி இதற்காகவே எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. அதில் நீட்சி சேர்க்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

நடைமுறையில் இரண்டையும் ஒரே ப்ரொஃபைலில் அடைய முயலாதீர்கள். அளவெடுக்கும் நிரல்களில் பெரும்பகுதி மூன்றாம் தரப்பு டொமைனிலிருந்து வருவதால், மீடியம் மோட் அவற்றை ஓடவே விடாது. அன்றாடப் படிப்புக்கு அது போதும். தளத்தின் சொந்த நிரலே அளவெடுத்தால் தப்ப முடியாது. அடையாளம் தெரியக் கூடாத வேலைக்கு டோர் உலாவியைத் தனியாக, எதையும் மாற்றாமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். உங்கள் உலாவியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

பயனர்களை ஒரே மாதிரி காட்ட முயலும் ஃபயர்ஃபாக்ஸின் 'ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரின்டிங்' அமைப்பை இயல்பாக இயக்கி வைக்க வேண்டாம். நேர மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம்) ஆகிவிடும். ரயில் முன்பதிவு, கூட்ட அழைப்பு எல்லாம் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரியலாம். பயனருக்குக் காரணம் புரியாது, உலாவியைத்தான் குறை சொல்வார்.

---

வரிவடிவம்

ஒரு சேர்க்கை. தோற்ற விதிகளைத் தளவாரியாக யூசர்கன்டென்ட்டில் எழுத 'மோஸ்-டாக்குமென்ட்' என்ற அட்-விதி ('@' குறியோடு தொடங்கும் சிஎஸ்எஸ் விதி) இருக்கிறது. தளங்களின் சொந்தப் பாணித்தாளில் அது 2018இலிருந்து வேலை செய்யாது, பயனர் பாணித்தாளில் வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் நீட்சிதான் எழுதப்போகிறீர்கள் என்பதால், விதிகளை அதே வடிவத்தில் ஏற்றுமதி செய்ய ஒரு பொத்தான் வையுங்கள். நாளைக்கு உங்கள் நீட்சி நின்றுபோனாலும் பயனர் அந்தக் கோப்பை எடுத்து ப்ரொஃபைலில் உள்ள 'குரோம்' துணைக் கோப்புறையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். யூபிளாக் விதிகளும் 'மை ரூல்ஸ்' பக்கத்திலிருந்து வெறும் உரைக்கோப்பாக வெளியே வரும். இரண்டையும் ஒரே காப்புக் கோப்புறையில் சேருங்கள்.